என் வளவில் ஒரு ஒல்லாந்தச் சமாதி

இதை எழுதுவதற்கு ஒரு நிபந்தனை, பெயர் எதுவும் வரக் கூடாது. எனக்குச் சம்மதம். ஆனால் எங்கள் ஊருக்குச் சரித்திரம் எழுதியவர் ஒரேயொருவர்தான். எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் வாசலுக்கு நீலக் கேற் போட்டிருப்பவரும் அவர்தான். வெயிலில்லாத நாளிலும் ஒரு கையில் குடையோடு சைக்கிள் ஓடுகிறவரும் அவர்தான். இதை வாசித்துவிட்டு யாராவது அவரைக் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை. கண்டுபிடிக்காமல் விட்டால்தான் எனக்கு மனவருத்தம்.

அவரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். அவருக்குப் புவியியல் வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வாத்தியார் ஆனார். நான் பெயின்ற் அடிக்கிற ஆளானேன். சண்டை பெருத்தபோது எங்கள் தெருவில் பாதிப்பேர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினோம். அவர் ஏறவில்லை. இடம்பெயர்ந்து காட்டுக்குள் கிடந்தார், திரும்பி வந்தார், செல் குண்டு விழுந்த காலத்திலும் பள்ளிக்கூடம் நடத்தினார். அதை நான் மறுத்ததில்லை. அவரை எப்படிக் கவிழ்க்கலாம் என்று பாயில் புரண்டு யோசித்த நாட்களிலும் மறுத்ததில்லை.

தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, போர் முடிந்த பிறகு நானும் மனைவியும் வந்தோம். எங்கள் வீடு நின்ற வளவில் உடைமரப் பற்றையும் நாலு கழுதையும் குடியிருந்தன. எந்த அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்பதுபோல அந்தக் கழுதைகள் எங்களைப் பார்த்தன. பற்றையை வெட்டி, தகரக் கொட்டில் ஒன்று போட்டோம். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயரும் விழுந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு வரி வரும்வரைக்கும்.

வாசிகசாலையைத் திருத்தித் திறக்கப் போகிறார்கள், அதோடு ஊரின் சரித்திரமும் புவியியலும் ஒரு புத்தகமாக வரவேண்டும் என்று முடிவு. யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. ஒரு ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்த கையோடு, கதிரைகளை வட்டமாகப் போட்டு, அவர் கையெழுத்துப் பிரதியைச் சபையில் வாசித்தார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார், பாவி. தீவு இந்தியாவைப் பார்த்து நீட்டிய விரல், தலைமன்னார் அதன் நகம். விரல் கையோடு சேருகிற இடத்தில் பாலம், கோட்டை, பட்டினம். பறங்கி கட்டினான், ஹாலந்திலிருந்து வந்த ஒல்லாந்தன் பிடித்தான், வெள்ளைக்காரன் கந்தோர் ஆக்கினான். அரபுக் கப்பலில் வந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரமும் கழுதையும். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டுக் கூடத் தோண்டினால் உப்பு. சோளகக் காற்று அள்ளிப் போன மணலை வாடைக்காற்று வேறு இடத்தில் கொண்டுவந்து கொட்டும். கேட்கக் கேட்க, நான் பிறந்த ஊரில் எனக்கே புதிதாக ஆசை வந்தது. பிறகு அந்த வரி வந்தது.

‘யுத்தம் மூண்டபோது மேற்குத் தெருவார் ஊரைக் கைவிட்டு அக்கரைக்கு ஓடிப்போயினர், ஏனையோர் ஊரைக் காத்து நின்றனர்.’

சிலாவத்துறைப் பக்கத்துச் முஸ்லிம்களான சோனகச் சனம் முழுவதும் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டதற்கு இதிலும் குறைவு: ‘அவர்களும் சென்றனர்.’ ஏதோ கலியாண வீட்டுக்குச் சென்றதுபோல.

மேற்குத் தெரு எங்கள் தெரு. நான் எழும்பினேன்.

“வாத்தியார், அந்த ‘ஓடிப்போயினர்’ எண்டதை எடுத்துவிடுங்கோவன். நாங்கள் ஓடேல்லை. கடலில ஓடேலாது.”

சபை சிரித்தது. இதுதான் என் வியாதி. அழ வேண்டிய இடத்தில் ஒரு பகிடி வந்து முந்திவிடும். கேட்பவர்களும் பகிடிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

“பகிடி விடாதையும்,” என்றார் அவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்து. “நீர் இருபது வருசம் ஊரில இல்லாத ஆள். ஊர்ச் சரித்திரம் இருந்தவைக்குத்தான் தெரியும். இரும்.”

இருந்தேன். வெட்கக்கேடு, ‘இரும்’ என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தேன்.

எங்கள் ‘ஓட்டம்’ எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எங்களை ஏற்றிய வள்ளம் இந்தியக் கரைக்குப் போகவில்லை. பாதிக் கடலில், ஒரு மரம்கூட இல்லாத மணல் தீடையில் இறக்கிவிட்டு, “அங்காலப் பக்கத்து நேவி வருவான், ஏத்துவான்” என்று சொல்லித் திரும்பிவிட்டது. இரண்டு பகல் வெயில். கொண்டுபோன தண்ணீர் முதல் நாளே முடிந்தது. என் மாமனார் காய்ச்சலோடு வள்ளம் ஏறியவர். இரண்டாம் நாள் மத்தியானம் மகளின் மடியிலேயே முடிந்துபோனார். கையாலும் சட்டி மூடியாலும் மணலைத் தோண்டிப் புதைத்தோம். குறி வைக்க ஒரு தடி கிடைக்கவில்லை. வைத்திருந்தாலும் பயனில்லை, அந்தத் தீடைகள் காற்றுக்குக் காற்று இடம் மாறுகிறவை. இப்போது அவர் எந்தத் தண்ணீருக்குக் கீழே கிடக்கிறார் என்று எந்தப் புவியியல் வாத்தியாராலும் சொல்ல முடியாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“இஞ்சாருங்கோ, அந்த வரியை எடுக்கப் பண்ணுங்கோ. அப்பா ஓடிப்போன ஆளில்லை. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

புத்தியுள்ள மனிதன் என்ன செய்திருப்பான்? பங்குக் குருவான சுவாமியிடம் போய்ச் சொல்லியிருப்பான். தெருவாரிடம் கையெழுத்து வாங்கியிருப்பான். நான் பழிவாங்குவதற்கு ஆயத்தப்படுத்தினேன். ஒரு வரியை எடுப்பதில் என்ன இருக்கிறது? முழுப் புத்தகத்தையும் ஊர் சிரிக்கப் பண்ண வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து அவர் வீட்டுக் கேற்றில் நின்று பணிவாகக் கூப்பிட்டேன்.

“வாத்தியார், ஒரு தகவல். நான் அங்க ஒரு கல்லூரி லைப்ரரிக்குப் பெயின்ற் அடிக்கேக்க ஒரு பழைய புத்தகம் பாத்தனான். எங்கட ஊரைப் பற்றி.”

குடையை மடக்கினார். கேற் திறந்தது.

“ஒல்லாந்தன்ர காலத்தில இஞ்ச ஒரு படை அதிகாரி இருந்தவனாம். அவன் ஒரு கழுதை வளத்தவனாம். அது செத்தவுடன பீரங்கி போட்டு, மரியாதையோட அடக்கம் செய்து, சிலுவை கீறின கல்லு வைச்சவனாம்.”

“கழுதைக்கோ?”

“கழுதைக்குத்தான். அவனுக்கு இஞ்ச வேற சினேகிதர் இல்லையாம்.”

“புத்தகத்தின்ர பெயர்?”

“அட்டை கிழிஞ்சு போச்சு.”

“எந்த ஆண்டெண்டு கிடந்தது?”

“அந்த இடத்தைத்தான் கறையான் திண்டது, வாத்தியார்.”

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்குள்ளே ஒரு கோயில் பெருநாளே நடந்தது. புத்தகம் வந்த பிறகு அவர் சைக்கிளில் போகும்போது சந்திக்குச் சந்தி சனம் கழுதை மாதிரிக் கத்துவதாக நினைத்துப் பார்த்து, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன்.

மாதங்கள் போயின. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் வாசிகசாலைக்காரர் எனக்கு ஒரு வேலை தந்தார்கள். ஊரில் போர்டு எழுதத் தெரிந்தவன் நான்தான். மூன்று மொழியில் எழுதித் தந்தார்கள். தமிழ் வாசகம்: ‘ஒல்லாந்தர் சமாதி’. கீழே ஒரு அம்புக்குறி.

கழுதை எங்கே என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அதிகாரியையே புதைத்துவிட்டாரா, அதுவும் நல்லதுதான், பெரிய பொய்யாகப் போகட்டும் என்று நினைத்து, என் வாழ்க்கையில் எழுதிய அத்தனை போர்டையும்விட அழகாக அதை எழுதினேன். சிங்கள எழுத்தைக் கொடி வரைவதுபோல வரைந்தேன். அம்புக்குறிக்கு நிழல்கூட வைத்தேன். சொன்ன இடத்தில் கொண்டுபோய் ஆணி அடித்தேன். பெருக்கமரத்துச் சந்தி. அம்பு காட்டிய பக்கம் திரும்பி, வேலை பார்த்த திருப்தியோடு, சமாதி எங்கே இருக்கிறது என்று பார்க்க நடந்தேன்.

நடந்து நடந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வளவின் பின்மூலையில் ஒரு பெரிய கல் மூடி கிடந்தது. கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நடுவில் சிலுவை. அதைச் செய்தது என் அப்பா. அவர் மேசன். எந்தச் சாந்து வேலை முடித்தாலும் காயும் முன்பு கரண்டி நுனியால் ஒரு சிலுவை கீறாமல் எழும்ப மாட்டார். கிணற்றுக் கட்டில் கீறினார், அடுப்பு மேடையில் கீறினார், ஊரில் பாதி மதிலில் கீறினார். அதே பக்தியோடு எங்கள் வீட்டுக் கக்கூசுக் குழி மூடியிலும் கீறினார். சுவர்கள் போரில் போய்விட்டன. மூடி மட்டும் நின்றது.

திறப்பு விழா அன்று புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். படம் போட்டிருந்தார். ‘ஒல்லாந்தப் படை அதிகாரி ஒருவரின் சமாதி. சிலுவையைக் கவனிக்கவும்.’ இரண்டு பக்கம் தள்ளி, எங்கள் தெரு ஓடிப்போன வரி. ஒரு எழுத்துக் குறையவில்லை.

அதன்பிறகு என்ன நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. புத்தகம் எங்கேயோ ஒரு தொல்பொருள் கந்தோருக்குப் போய், அங்கேயிருந்து ஒரு வாகனம் வந்தது. தெற்கில் இருந்து வந்த இளம் பெண் அதிகாரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் பேசும் பிள்ளை. மிக மரியாதை.

“ஐயா, இது பழைய சாமான். இங்க கட்ட ஏலாது. தோண்டவும் ஏலாது.”

“தங்கச்சி, இது சமாதியில்லை. இது எங்கட கக்கூசு.”

அந்தச் சொல் அவருக்கு விளங்கவில்லை. குந்திக் காட்டினேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “புத்தகத்தில இருக்கு, ஐயா,” என்றார். மூடிக்கு நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, சுற்றிவர வட்டம் எடுத்தார்கள். வட்டத்துக்குள் கல் ஒன்று நகர்த்தவும் அனுமதி வேண்டும். எங்கள் வீட்டுத்திட்ட அத்திவாரம் முழுவதும் அதற்குள் விழுந்தது.

கயிறு அதோடு நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே போய், பின்வேலியைத் தாண்டி, சரித்திரக்காரரின் வளவுக்குள் இறங்கியது. அவர் மேல்மாடிக்கு எழுப்பியிருந்த தூண்களில் இரண்டை உள்ளே எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தது. அடுத்த நாளே அவருடைய மேசன்மார் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்களுக்கு வீடு இல்லை என்று ஆன நாள் அது. இருந்தாலும் பொய் சொல்ல மாட்டேன், வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் அந்த இரண்டு மொட்டைத் தூணைப் பார்த்துக்கொண்டு நான் மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவு ருசி.

ஒரு கிழமை தாங்கினார். பிறகு குடையோடு எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றார். மனைவி கதிரையை எடுத்து வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

“இஞ்ச பாரும். ரெண்டு பேரும் ஒண்டாப் போய் இது கக்கூசு எண்டு சொல்லுவம்.”

“எனக்கு எப்பிடித் தெரியும் வாத்தியார்? நான் ஊரில இல்லாத ஆளெல்லோ.”

“விசர்க்கதை கதையாதையும். எனக்கு நல்லாத் தெரியும். எத்தனை தரம் வந்து குந்தியிருக்கிறன்.”

“அப்ப தெரிஞ்சுகொண்டே போட்டனீங்கள்?”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். முதல்முறையாக உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பில் என் மதியச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு.

“டேய், கழுதைக்குப் பீரங்கி போட்டவனெண்டு நீ வந்து சொல்லுவாய், நான் நம்புவனோ? என்னை ஊர் சிரிக்கப் பண்ண வந்தனீ. அப்ப நானும் யோசிச்சன், சமாதியை எங்க வைக்கலாமெண்டு. உன்ர கக்கூசைவிட நல்ல இடம் கிடைக்கேல்லை.”

இதுவரை அவரை ஒரு வரட்டு வாத்தியார் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சமமான ஒரு கேடி என் வாங்கிலேயே இருந்திருக்கிறான். கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது. மரியாதை வந்ததால் கோபம் இன்னும் கூடியது.

அவருக்கு அவசரம். மழைக்கு முன்பு மேல்மாடி போட வேண்டும். கடிதம் எழுதித் தருகிறேன், புத்தகத்தில் ஒட்டப் பிழைதிருத்தச் சீட்டும் அடிக்கிறேன் என்றார். கொப்பியை விரித்து, பேனையைத் திறந்து, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். அந்த ஊரின் சரித்திரம் முழுவதும் என் தகரக் கொட்டிலில், என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

‘பழைய கட்டடப் பகுதி’ என்று தொடங்கினார்.

“இல்லை. கக்கூசு.”

“மலகூடம் எண்டு போடுறன்.”

“கக்கூசு. உங்கட கையெழுத்தில, பெரிசா.”

“அச்சில வாற சொல்லே அது?”

“ஓடிப்…” என்று ஏதோ என் வாயில் வந்தது. ஆனால் அவர் முகம் சிவந்து, மூக்கு வியர்த்துப் போயிருந்தது. அந்தக் காட்சியில் மயங்கிவிட்டேன். “தூண் வேணுமெண்டா எழுதுங்கோ,” என்று முடித்தேன். எழுதினார். ‘ஒல்லாந்தர் சமாதி என்பதைக் கக்கூசுக் குழி என வாசிக்கவும்.’ இரண்டுதரம் சத்தமாக வாசிக்கவும் வைத்தேன்.

அந்த இளம் அதிகாரி மறுபடி வந்தார். கடிதத்தைப் பார்த்தார். கிணற்றுக் கட்டையும் அடுப்பு மேடையையும் காட்டினேன். ஒரே கை, ஒரே சிலுவை, வலப்பக்கம் கொஞ்சம் சரிந்தது. அவர்கள் ஆட்களே மூடியைக் கிளப்பினார்கள். தெருவே வந்து நின்றது. உள்ளே வளையமும் குழாயும் காய்ந்த மணலும். ஒரு கரப்பான் வெளியே வந்து சபையைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கியது. “ஒல்லாந்தர் வாறார், தொப்பியைக் கழட்டுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள். அது நான்தான். சரித்திரக்காரர் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தபடி நின்றார். அந்தச் சிரிப்புச் சத்தம் தாழ்வுபாடு ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். வட்டம் அழிந்தது. எங்கள் அத்திவாரத்துக்கும் அவருடைய தூணுக்கும் ஒரே கிழமையில் விடுதலை.

பிழைதிருத்தச் சீட்டு அச்சாகி வந்தது. வெற்றிக் கேடயத்தைக் கொண்டுவருவதுபோல ஒன்றைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்தேன். வாசித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

“இதில இன்னொரு வரிக்கு இடம் இருந்ததே,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் சீட்டைப் பார்த்தேன். இடம் இருந்தது. நாலு வரிக்கு இருந்தது.

அன்று பின்னேரமே நீலக் கேற்றுக்குப் போனேன். இந்த முறை பகிடி ஒன்றும் வரவில்லை. தீடையைப் பற்றி, மாமனாரைப் பற்றி, சட்டி மூடியைப் பற்றிச் சொன்னேன். மேலே மேசன்மார் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை ஏன் அண்டைக்கே சபையில சொல்லேல்லை?”

“பகிடி முந்தீட்டுது.”

“கொட்டிலில வைச்சுச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பன். நீர் சொன்னதெல்லாம் எழுதிற நிலைமையிலதான் இருந்தனான். கக்கூசு எண்டு எழுதச் சொன்னீர். எழுதினன்.” மேலே அண்ணாந்து பார்த்தார். “இனி அச்சடிச்சாச்சு. இன்னொரு சீட்டு ஒட்டினா புத்தகத்தை ஆர் மதிக்கிறது?”

தூண் இரண்டும் வட்டத்துக்குள் இருந்தபோது அவருக்கு இந்த மதிப்பெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவி, சேலை மாற்றி, வாசிகசாலைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அலுமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்து, மேசையில் வைத்து, கண்ணாடி போட்டு, பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். கந்தோர் மேசையில் கிடந்த பேனையைக் கேட்டு வாங்கினாள். ‘ஓடிப்போயினர்’ என்ற சொல்லை ஒரே கோட்டால் வெட்டினாள். பக்கத்து ஓரத்தில் தன் தகப்பனின் பெயரை எழுதி, ‘தீடையில் செத்தவர்’ என்று போட்டாள். பேனையைப் பொறுப்பாயிருந்த பெடியனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

நான் மாதக்கணக்காகத் தலைகீழாக நின்று செய்யாததை ஒரு நிமிடத்தில் செய்துவிட்டு, மீன் வாங்க வேண்டும் என்று சந்தைப் பக்கம் நடந்தாள்.

விசயம் தெருவில் பரவியது. பள்ளிக்கூடப் பிரதியில் இன்னொரு பெண் தன் தமையனின் பெயரை எழுதினாள். சுவாமியின் அறைப் பிரதியில் யார் எழுதினார்கள் என்று சுவாமி சொல்ல மாட்டார், ஆனால் எழுத்து அவருடையது மாதிரியே இருக்கிறது. தோட்டவெளி ஊரில் ஒரு வீட்டுப் பிரதியில் ஓரம் போதாமல் அட்டை உள்பக்கத்திலும் போட்டிருக்கிறார்கள். சிலாவத்துறைக் கடை ஒன்றில் இருக்கும் பிரதியில் ‘சென்றனர்’ என்பது வெட்டப்பட்டு, மேலே ஒரு நீண்ட வசனம் இருக்கிறது. அதை இங்கே நான் சொல்லக் கூடாது, அது அவர்கள் எழுதியது.

மிச்சம் ஒரேயொரு சுத்தமான பிரதி. அது நீலக் கேற்றுக்குள், முன்விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. மேல்மாடி முடிந்துவிட்டது. வருகிற மாதம் சுவாமி வந்து வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்கிறார். பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிடாமல் விட முடியாது, வாத்தியார் எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். நேற்று என் மனைவி கடைக்குப் போய் ஒரு புதுப் பேனை வாங்கினாள். நல்ல கறுப்பு மை. அலுமாரிப் பூட்டின் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்று நானும் பார்த்து வைத்திருக்கிறேன்.